செங்கல் சூளைக்குப் போகும் இருளர் குடும்பங்களின் ஓட்டு: பட்டியலில் பெயர் சேர்ப்பதிலிருந்து வாக்குச்சாவடி வரை, முழுமையான வழிகாட்டி

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, ஊருக்கு வெளியே உள்ள மேடுகளில் குடியிருக்கும் இருளர் குடும்பங்களுக்கு ஓட்டுரிமை கிடைக்கச் செய்ய நினைக்கும் தன்னார்வலர்களுக்காக எழுதியது இது. நரிக்குறவர் குடியிருப்பு, நடைபாதையில் வாழ்பவர்கள், கரும்பு வெட்டுக்கும் மரம் வெட்டுக்கும் போகும் வேறு குடும்பங்கள் என எங்கு வேலை செய்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். "ஆவணம் இல்லை, அதனால் ஓட்டு இல்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆவணம் இல்லாதவரைச் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. இவர்களின் பெயர் விழுவது பெரும்பாலும் வேறு இடத்தில்: விசாரிக்க அலுவலர் வரும் நாளில் குடிசையில் ஆள் இருப்பதில்லை. கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு நாளை மனதில் வைத்துப் போட்டது. வரிசையை மாற்றினால் செய்த வேலை வீணாகும்.

1. தேர்தல் தேதியைப் பார்க்காதீர்கள், சூளைக் காலத்தைப் பாருங்கள்

முன்பணம் வாங்கிய குடும்பங்கள் பொங்கலை ஒட்டிச் சூளைக்குப் போனால் மழை தொடங்கும் வரை அங்கேதான். 2019 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 18, 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19. மூன்றுமே சூளைக் காலத்தின் நடுவில். தேர்தல் அறிவிப்பு வந்தபின் குடியிருப்புக்குப் போனால் பூட்டிய குடிசைகளும் ஒன்றிரண்டு பாட்டிகளும்தான் இருப்பார்கள்.

ஆகவே சேர்ப்பு வேலைக்கு ஏற்ற காலம் ஆடி முதல் கார்த்திகை வரை. வாக்காளர் பட்டியலின் தொடர் திருத்தம் ஆண்டு முழுவதும் நடப்பதால் எந்த மாதத்திலும் மனு கொடுக்கலாம். 18 வயது நிறைவைக் கணக்கிட இப்போது ஆண்டுக்கு 4 தகுதி நாட்கள் உள்ளன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே மனு கொடுத்து வைக்கலாம். வரும் தை மாதம் சூளைக்குப் போகப்போகும் பையனுக்கு இது பெரிய உதவி.

வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் எந்தப் பெயரும் சேராது. விசாரணைக்கும் நாட்கள் பிடிக்கும் என்பதால் அந்தக் கடைசி நாள் வரை காத்திருக்க முடியாது.

2. குடியிருப்புக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

அந்த ஊரின் பாகப் பட்டியல் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய வாக்காளர் பட்டியல்) முழுவதையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி, பாகம் வாரியாகக் கிடைக்கும். கைபேசியில் ஒவ்வொரு பெயராகத் தேடுவதை மட்டும் நம்பாதீர்கள். குடியிருப்பில் சிக்னல் கிடைக்காது. எழுத்துப் பிழை இருந்தால் தேடல் "இல்லை" என்றே சொல்லும். அச்செடுத்த பட்டியலில் விரல் வைத்துத் தேடினால் பிழையோடு இருக்கும் பெயரும் கண்ணில் படும்.

கூடவே 200 பக்க நோட்டு ஒன்று, படிவம் 6, படிவம் 8 (இரண்டும் இலவசம்), மை ஒற்றி, வெள்ளைப் பின்னணிக்கு ஒரு துணி. புகைப்படம் 4.5 க்கு 3.5 செ.மீ. அளவு, வெள்ளைப் பின்னணி. துணியைக் குடிசைச் சுவரில் கட்டி அங்கேயே எடுத்துவிட்டால், ஸ்டுடியோவுக்குப் போக ஆகும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

பாகத்தின் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) யார், அவர் எண் என்ன என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். 1950 என்ற உதவி எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள்.

3. குடிசை வாரியாகக் கணக்கெடுங்கள்

நோட்டில் ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு பக்கம். பெயர், அழைக்கும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வாக்காளர் அட்டை எண், பட்டியலில் பாக எண், வரிசை எண், கையில் உள்ள ஆவணங்கள், மாற்றுத்திறன் உண்டா, எந்த மாதம் எங்கே வேலைக்குப் போகிறார்கள், அப்போது குடிசையில் தங்குபவர் யார். கடைசி இரண்டு விவரங்களைத்தான் புதியவர்கள் எழுதாமல் விடுகிறார்கள். பின்னால் அவைதான் தேவைப்படும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரையும் நான்கு வகையில் ஒன்றாகக் குறியுங்கள்: பட்டியலில் சரியாக இருப்பவர், பிழையோடு இருப்பவர், வேறு ஊர்ப் பட்டியலில் இருப்பவர், எங்குமே இல்லாதவர். எந்தப் படிவம் என்பது இந்த வகையைப் பொறுத்தது என்பதால் இதை முடிக்காமல் படிவத்தைத் தொடாதீர்கள்.

அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது மிக அதிகமாக நடக்கும் தவறு. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டுவார்கள். பெயர் என்றோ நீக்கப்பட்டிருக்கும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு (வீடு வீடாகப் போய்ப் பட்டியல் முழுவதையும் சரிபார்ப்பது) பின் டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவர்களில் பலர் கையில் அட்டை அப்படியே இருந்தது. அட்டையைப் பார்த்துத் திருப்தி அடையாமல் அதிலுள்ள எண்ணைப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

பெயர் தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். "காசியம்மாள்" பட்டியலில் "காசிம்மா" என்றோ "காசி அம்மாள்" என்றோ இருக்கலாம். பெயரில் கிடைக்காவிட்டால் கணவர் பெயரை வைத்து அதே வீட்டு எண்ணின் கீழ் பாருங்கள். இருக்கும் பெயரை இல்லையென்று நினைத்துப் புதிதாக மனுப் போட்டால் இரட்டைப் பதிவு என்று சொல்லி இரண்டையுமே கேள்விக்குள்ளாக்குவார்கள்.

2002 அல்லது 2005 ஆம் ஆண்டுப் பட்டியலில் அவர் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்தால் அதன் பாக எண், வரிசை எண்ணையும் நோட்டில் ஏற்றுங்கள். தீவிரத் திருத்தம் நடக்கும்போது கேட்கப்படும் முதல் விவரம் அது.

4. எந்த ஊர் முகவரி என்பதை முதலில் தீர்மானியுங்கள்

ஓர் இடத்தில் சாதாரணமாக வசிப்பவர் அங்கே வாக்காளர் ஆகலாம். தற்காலிகமாக வெளியே போவதால் மட்டும் ஒருவர் அங்கு வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950, பிரிவு 20 இதைத் தெளிவாகவே சொல்கிறது. எனவே ஆறு மாதம் சூளையில் இருந்தாலும், குடிசையும் ரேஷனும் பிள்ளைகளின் பள்ளியும் சொந்த ஊரில் இருக்கும் குடும்பத்துக்குச் சொந்த ஊர் முகவரிதான் சரி.

சூளை முதலாளி கொடுக்கும் முகவரியில் பதிவு செய்யச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அடுத்த வருடம் வேறு சூளை, பெயர் மறுபடி விழும். வசிக்கும் இடத்தைச் சான்று சொல்லும் ஆளாகவும் முதலாளியே இருப்பார். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் தங்கிவிட்ட குடும்பம் என்றால் அது வேறு கதை; அங்கேயே பதிவு செய்யலாம்.

இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்வது சட்டவிரோதம். படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதைப் பயமுறுத்தலாக இல்லாமல், கைரேகை வைப்பதற்கு முன் தெரிய வேண்டிய விவரமாகச் சொல்லுங்கள்.

5. சரியான படிவம்

எங்குமே பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6. வேறு ஊர்ப் பட்டியலில் இருப்பவர் இங்கே மாற்ற, பெயர்ப் பிழை திருத்த, தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை பெற, மாற்றுத்திறனாளி என்று குறிக்க, எல்லாவற்றுக்கும் படிவம் 8. நீக்கத்துக்கும் ஆட்சேபத்துக்கும் படிவம் 7.

கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்த பெண்ணுக்குப் படிவம் 6 போடுவதுதான் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை. தாய் ஊரில் பெயர் இருந்தால் அவருக்குப் படிவம் 8 மட்டுமே. படிவம் 6 முதல்முறை வாக்காளருக்கானது.

6. படிவம் 6 நிரப்பும்போது

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆதாரில் உள்ள அதே எழுத்தில் எழுதுங்கள். ஆதாரில் பிழை இருந்தால் அதை முதலில் திருத்தலாமா என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். ஒரு ஆவணத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு என்று விட்டால் ஒவ்வொரு திருத்தத்திலும் சந்தேகம் வரும்.

பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், 10 அல்லது 12 ஆம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்று. முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலக நடப்புப் பாஸ்புக், மின்சாரம், தண்ணீர், எரிவாயு ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவை. ஆதார் எண் இல்லாதவருக்கு "இல்லை" என்று குறிக்கப் படிவத்திலேயே கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்யாமல் வெறுமனே விடாதீர்கள்.

பட்டா தேவையில்லை. சாதிச் சான்றிதழும் தேவையில்லை. இந்த இரண்டும் வாங்க வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்கள், ஓட்டுக்கும் அவற்றைக் கேட்பார்கள் என்று நினைத்து ஒதுங்கிவிடுகின்றன. போனதும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுங்கள்.

கதவு எண் இல்லாத குடிசைக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. "கதவு எண் இல்லை" என்று எழுதி, அடையாளத்தையும் சேருங்கள்: "ஏரி மதகுக்குத் தெற்கே மூன்றாவது குடிசை". அத்தகைய வீடுகளுக்குத் தற்காலிக எண் கொடுப்பது பி.எல்.ஓ.வின் வேலை. அவர் கொடுத்த எண்ணைக் குடிசை வாசலில் பெயின்டால் எழுதி வையுங்கள்; அடுத்த முறை வருபவருக்கும் அதே எண் தெரியும்.

கைபேசி எண் கட்டத்தில் உங்கள் எண்ணைப் போடாதீர்கள். நாற்பது மனுவில் ஒரே எண் இருந்தால் அலுவலகத்தில் சந்தேகம் எழும். நீங்கள் ஊர் மாறினால் தகவலும் வராது. அந்தக் குடும்பத்திலோ உறவிலோ ஒருவரின் எண் போதும்.

கடைசியாக, ஒரே ஆள் பல குடும்பங்களின் மனுக்களைக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஒரு குடும்பத்தவர் தம் குடும்பத்தாருக்காகக் கொடுக்கலாம். அதனால் குடும்பத்துக்கு ஒருவர் வரட்டும்; நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். படிவத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்காமல் திரும்பாதீர்கள். அதன் எண்ணை அன்றே நோட்டில் ஏற்றுங்கள். "அப்புறம் தர்றேன்" என்ற மனு தொலைந்தால் கேட்க ஆதாரம் இருக்காது.

7. எந்த ஆவணமும் இல்லாதபோது

படிவம் 6 இலேயே எழுதியிருக்கிறது: முகவரிக்கு ஆவணம் இல்லாதவருக்குக் களவிசாரணை கட்டாயம்; வீடற்றவர்களை அதற்கு உதாரணமாகவே குறிப்பிட்டிருக்கிறது. விசாரிக்க ஓர் அலுவலரை வாக்காளர் பதிவு அலுவலர் நியமிக்க வேண்டும். மனு வாங்கும் மேசையில் "அட்ரஸ் ப்ரூஃப் இல்லாம வாங்க மாட்டோம்" என்றால், படிவத்தின் அந்த வரியை விரல் வைத்துக் காட்டுங்கள். சண்டை வேண்டாம். அந்த வரியைப் பலர் படித்திருக்கவே மாட்டார்கள்.

மனுவோடு ஒரு பக்கக் கடிதம் இணையுங்கள். எந்த இடத்தில், எத்தனை ஆண்டாக, யார் யாரோடு வசிக்கிறார், எந்த நேரத்தில் அங்கே இருப்பார், எந்த மாதங்களில் வேலைக்கு வெளியே போவார் என்று ஐந்தாறு வரி. இடத்தைக் கைவரைபடமாகப் போட்டால் இன்னும் நல்லது. ரேஷன் ஸ்மார்ட் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று எது இருந்தாலும் நகல் வையுங்கள். அவை பட்டியலிட்ட ஆவணங்களாக இல்லாவிட்டாலும் விசாரிப்பவர் அறிக்கை எழுத உதவும்.

நகரத்தில் நடைபாதையில் தூங்குபவருக்கு விசாரணை இரவில் நடக்க வேண்டும். படிவத்தில் கொடுத்த இடத்தில் அவர் உண்மையில் தூங்குகிறாரா என்று பி.எல்.ஓ. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து பார்ப்பார். பகலில் வந்து "ஆளில்லை" என்று எழுதினால் அந்த விசாரணையே முறையல்ல என்று எழுத்தில் சொல்லுங்கள்.

8. பி.எல்.ஓ. வரும் நாள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பி.எல்.ஓ. பெரும்பாலும் காலை 11 மணிக்கு வருவார். அந்த நேரத்தில் குடியிருப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். நண்டு பிடிக்க, விறகுக்கு, கூலிக்குப் போயிருப்பார்கள். மனு கொடுத்த அன்றே அவரிடம் பேசி, காலை 7 மணிக்கோ மாலை 6 மணிக்கோ ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஆயிரம் வேலை. "மேடம், எல்லாரையும் ஒரே இடத்துல உட்கார வைக்கிறோம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்" என்றால் ஒப்புக்கொள்வார். முந்தின நாள் இரவு குடியிருப்புக்குப் போய் நினைவூட்டுங்கள். அன்றைய கூலியை விட்டு உட்கார்ந்திருக்கும் மக்களிடம், அலுவலர் வராவிட்டால் அடுத்து என்ன என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள்.

வீட்டில் தங்கும் பாட்டியிடமும் பக்கத்துக் குடிசைக்காரரிடமும் கட்டாயம் பேச வேண்டும். காரணம் இதுதான். அலுவலர் வந்து "இந்த வீட்டுக்காரங்க எங்கே?" என்பார். பக்கத்து வீட்டுப் பெண் வெள்ளந்தியாக, "அவங்க இங்க இல்லீங்க, சூளைக்குப் போயிட்டாங்க" என்பார். அலுவலர் தாளில் "குடிபெயர்ந்துவிட்டார்" என்று எழுதுவார். அந்த ஒரு வார்த்தை போதும், நீக்கப் பட்டியலில் பெயர் ஏறிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை, ஆனாலும் ஒரு குடும்பத்தின் நான்கு ஓட்டு போய்விட்டது.

எனவே பதிலை முழுதாகச் சொல்லப் பழக்குங்கள்: "வேலைக்குப் போயிருக்காங்க, ஆனி மாசம் திரும்பிடுவாங்க. குடிசை இதுதான், ரேஷன் இங்கதான் வாங்குறாங்க, புள்ள இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குது." உண்மை முழுவதும் சொல்லப்பட்டால் "தற்காலிகமாக வெளியூர்" என்றுதான் எழுத முடியும். கேட்டுவிட்டு அலுவலர் போகும் முன், "என்ன எழுதியிருக்கீங்கம்மா, படிச்சுக் காட்டுங்க" என்று கேட்கவும் பழக்குங்கள். காக்கித் துணியையோ அரசு ஃபைலையோ கண்டாலே உள்ளே போய்விடும் மக்களுக்கு இதைக் கேட்பது எளிதல்ல. இரண்டு மூன்று முறை நடித்துப் பார்த்தால்தான் வாய் வரும்.

பூட்டிய குடிசை இன்னொரு ஆபத்து. சூளைக்குப் போகும் முன் வாசலில் பெயர், உறவினர் கைபேசி எண், திரும்பும் மாதம் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிடச் சொல்லுங்கள்.

9. மனு நிலவரம், நிராகரிப்பு, மேல்முறையீடு

ஒப்புகை எண்ணை வைத்து வாரம் ஒருமுறை இணையத்தில் நிலவரம் பாருங்கள். பெயர் சேர்க்க வந்த மனுக்களின் பட்டியல் படிவம் 9 என்றும் ஆட்சேபங்களின் பட்டியல் படிவம் 10 என்றும் வெளியிடப்படும். படிவம் 10 ஐப் பார்க்காமல் விடாதீர்கள். யாரோ உங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு பெயரை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். நோட்டீஸ் குடிசைக்கு வந்து சேரும் என்று நம்பி இருக்கக் கூடாது. தபால்காரருக்கே அந்த மேடு தெரியாத இடங்கள் உண்டு.

விசாரணைக்கு அழைத்தால் ஆள் நேரில் போக வேண்டும். சூளையிலிருந்து வர முடியாதென்றால், தேதியை மாற்றக் கோரி எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

நிராகரித்தாலோ நீக்கினாலோ, உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு. அங்கும் சாதகமாக வராவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. உத்தரவின் நகல் இல்லாமல் மேல்முறையீடு நிற்காது, அதை முதலில் கேட்டு வாங்குங்கள். நேரம் குறைவாக இருந்து, இரட்டைப் பதிவும் இல்லையென்றால் புதிதாகப் படிவம் 6 கொடுப்பதே பல சமயம் வேகமான வழி.

10. தேர்தல் அறிவித்த பிறகு

முதல் வாரத்திலேயே நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் இறுதிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, வாக்குச்சாவடி எதுவென்று எழுதுங்கள். போன தேர்தலில் போட்ட பள்ளியே இப்போதும் என்று நினைக்க வேண்டாம். சாவடிகளைப் பிரிக்கும்போது மாறும்.

85 வயது கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். படிவம் 12டி, தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் சேர வேண்டும். இதற்குச் சம்மதிக்க வைக்கும் முன் ஒன்று சொல்லுங்கள்: தபால் ஓட்டுக்கு அனுமதி கிடைத்தால் சாவடிக்குப் போய்ப் போட முடியாது. வீட்டுக்குக் குழு வரும் நாளில் ஆள் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள், அதோடு சரி.

அடுத்து சூளை. வாக்குப்பதிவு நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. தினக்கூலிக்கும் உண்டு (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி). மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான், அதனால் சட்டத்தைச் சொல்லி மட்டும் அவரை அசைக்க முடியாது. சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு நாள் நின்றால் குடும்பத்துக்கே நட்டம் என்பதால் தொழிலாளியும் தயங்குவார். பத்து நாளுக்கு முன்பே, போகும் குடும்பங்களின் பெயர், ஊர், திரும்பும் நேரம் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். நகலை மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்புங்கள். ஆள் திரும்பி வருவார் என்ற உறுதிதான் முதலாளி எதிர்பார்ப்பது. குடும்பத்தோடு கிளம்பினால் முன்பணத்தோடு ஓடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. விடவே மாட்டேன் என்று ஆளை அடைத்து வைத்தால் அது ஓட்டுப் பிரச்சினை அல்ல, கொத்தடிமை முறை. வருவாய்க் கோட்டாட்சியரிடம் உடனே புகார் கொடுங்கள்.

பயணச் செலவுக்குக் குடியிருப்பிலேயே பணம் சேருங்கள், அல்லது அரசுப் பேருந்தைத் திட்டமிடுங்கள். எந்த வேட்பாளரின் வண்டியிலும் ஏற வேண்டாம். வேட்பாளர் தரப்பு இலவசமாக வாக்காளரை ஏற்றிச் செல்வது சட்டப்படி முறைகேடு. ஏறிய குடும்பம் அந்த ஊரில் ஒரு கட்சிக்காரர் என்று முத்திரை குத்தப்பட்டு வருடக்கணக்கில் கஷ்டப்படும்.

11. வாக்குச்சாவடிக்குள்

வாக்காளர் அட்டை இல்லாதவர் 12 மாற்று ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், மாற்றுத்திறனாளியின் தேசிய அடையாள அட்டை ஆகியவை அதில் உண்டு. ரேஷன் ஸ்மார்ட் கார்டு அதில் இல்லை. பெண்கள் பெரும்பாலும் எடுத்து வருவது அதைத்தான், எனவே முந்தின நாள் ஒவ்வொருவர் கையிலும் எந்த ஆவணம் என்று பார்த்துவிடுங்கள். பி.எல்.ஓ. தரும் வாக்காளர் தகவல் சீட்டு மட்டும் அடையாளமாகச் செல்லாது.

வெளியூர் போய்வரும் இவர்களின் பெயர் சில சமயம் "வராதவர், இடம்மாறியவர், இறந்தவர்" பட்டியலில் இருக்கும். அலுவலர்கள் ஏ.எஸ்.டி. என்பார்கள். "உங்க பேர்ல குறி இருக்கே" என்றதும் ஓட்டு இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பக் கூடாது. முக்கியப் பட்டியலில் பெயர் இருந்து, அடையாள ஆவணம் காட்டினால், கையெழுத்தும் கைரேகையும் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட விட வேண்டும். வேறு யாரோ உங்கள் ஓட்டைப் போட்டுவிட்டிருந்தால், 49பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டுக் கேளுங்கள். காகித வாக்குச்சீட்டு தருவார்கள்.

முதல்முறை போடுபவருக்கு முந்தின வாரம் பயிற்சி கொடுங்கள். அட்டைப்பெட்டியில் வட்டம், கட்டம், முக்கோணம் வரைந்து பக்கத்தில் நீலப் பொத்தான் ஒட்டுங்கள். பானை, மாம்பழம் என்று எதை வரைந்தாலும் ஏதோ ஒரு கட்சியின் சின்னமாகிவிடும். உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும். பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் சீட்டு 7 நொடி தெரிந்து உள்ளே விழும், நீளமாக ஒரு பீப் கேட்கும். அந்தச் சீட்டைக் கையில் தருவார்கள் என்று காத்து நிற்பவர்கள் உண்டு, முன்பே சொல்லிவிடுங்கள்.

பார்வையற்றவரும் உடல் தளர்ந்து தானே போட முடியாதவரும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம் (விதி 49என்). ஒரு துணைவர் அன்று ஒருவருக்கு மட்டுமே துணை. எழுதப் படிக்கத் தெரியாதது மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. அதனால் "நான் கூட வர்றேன் பாட்டி" என்று தன்னார்வலர் மறைவுக்குள் நுழைந்தால் தவறு அவர்மேல்தான். சாய்தளம், சக்கர நாற்காலி வேண்டுமானால் சக்ஷம் செயலியிலோ 1950 இலோ முன்பே பதிவு செய்யுங்கள்.

நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து எல்லோரும் போட்டபின்தான் முடிப்பார்கள். சூளையிலிருந்து பஸ் தாமதமாகி மாலையில் வந்து சேர்ந்தாலும் வரிசையில் நின்றுவிட்டால் போதும்.

12. தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள்

திருநங்கைகளுக்குப் படிவத்தில் மூன்றாம் பாலினம் என்ற கட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதா என்பது அவர் முடிவு, நிரப்புபவர் கேட்காமல் டிக் செய்யக் கூடாது. சமூகத்தோடு கூட்டாக வசிப்பவர்களுக்கு அந்த வீட்டு முகவரியே போதும். பெற்றோர் வீட்டு முகவரி தேவையில்லை.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் ஆர்வக்கோளாறால் படிவம் 6 நிரப்பித் தராதீர்கள். குடியுரிமை இல்லாதவர் உறுதிமொழியில் கையெழுத்திட்டால் வழக்கில் சிக்குவார். 1987 ஜூலை 1 க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்பதால், பிறப்புச் சான்று உள்ளவர்களை முதலில் வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள்.

13. ஓட்டு முடிந்த பத்து நாளுக்குள்

யார் போட்டார், யார் போடவில்லை, ஏன் என்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். யாருக்குப் போட்டார் என்று கேட்கக் கூடாது. "பெயர் இல்லை", "பஸ் கிடைக்கல", "முதலாளி விடல", "ஆவணம் வேற ஊர்ல", "பயம்" என்று காரணம் ஒவ்வொன்றையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பெயர் இல்லாதவர்கள் ஆனியில் திரும்பியதும் ஜூலை 1 தகுதி நாளை வைத்து மனுக் கொடுக்கலாம். ஊரக உள்ளாட்சித் தேர்தலின் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தெருவிளக்கும் குடிதண்ணீர்க் குழாயும் கேட்கப்போகும் குடும்பங்களுக்கு அந்த மனு இன்னும் அவசரம்.